சுண்ணாம்புக் கம்பம்: சுவரில் ஏறிய படமும் வாயிலிருந்து நழுவிய பெயரும்

ஊர்ப் பெயர்களின் வாயிலாக வரலாற்றைக் காணும் வழியைத் தமிழாசிரியர்க்குப் பழக்கித் தந்தவர் அறிஞர் இரா. பி. சேதுப்பிள்ளை. 1946ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஊரும் பேரும்’ என்னும் அவர்தம் நூல், தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்களில் நிலமும் நீரும் குலமும் கோயிலும் எவ்வாறு பொதிந்து கிடக்கின்றன என்பதை எடுத்துக் காட்டிற்று. கடல் கடந்து வந்த தமிழரும் தாம் உழைத்து வாழ்ந்த இடங்களுக்குத் தம் மொழியில் பெயர் வழங்கினர். அப்பெயர்கள் அரசின் பலகைகளில் ஏறவில்லை. ஆதலின் அவற்றை ஆராய்வாரும் குறைந்தனர். நாளடைவில் வழங்குவாரும் குறைந்தனர். அவ்வாறு மறைந்த பெயர்களுள் ஒன்று, சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பகுதிக்கு வழங்கிய ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்பது.

இன்று அப்பகுதியை ‘லிட்டில் இந்தியா’ என்கின்றனர். 1989ஆம் ஆண்டில் அது பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பெற்றது. 2015ஆம் ஆண்டில் லாசால் கலைக்கல்லூரியும் சிங்கப்பூர்ச் சுற்றுலாக் கழகமும் சேர்ந்து அங்கே ஒரு கலைநடையைத் தொடங்கின. அது முதல் சந்துகளிலும் கடைவீடுகளின் பக்கச் சுவர்களிலும் பெரிய பெரிய ஓவியங்கள் எழுந்தன. முன்னாளில் கால்நடைகள் திரிந்த தெருக்களில் இன்று மக்கள் கால்நடையாகத் திரிந்து அவ்வோவியங்களைக் கண்டு மகிழ்கின்றனர். ஓவியங்கள் பழைய தொழில்களை நினைவூட்டுகின்றன, நன்று. ஆனால் அத்தொழில்களைச் செய்தோர் அந்த இடத்தை எப்பெயரால் அழைத்தனர் என்பதை அவை சொல்வதில்லை. படத்தையும் பெயரையும் ஒருங்கே வைத்து நோக்கினால் அன்றி அவ்வட்டாரத்தின் வரலாறு முழுமை பெறாது.

மூங்கில் அடி

அவ்வட்டாரத்தை நடந்து காண விரும்புவார்க்குத் தேக்கா அங்காடியே தகுந்த தொடக்கம். தேக்கா என்னும் சொல் தமிழ்ச் சொல் போல ஒலிப்பினும் அது தமிழன்று. தேக்கு மரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஹொக்கியன் மொழியில் ‘தெக் கியா கா’ என்றால் மூங்கிலின் அடி என்று பொருள். ரோச்சோர் கால்வாயின் கரையில் மூங்கில் வளர்ந்திருந்தமையால் அப்பெயர் வந்தது. சீனர் இட்ட பெயரைத் தமிழர் தம் நாவுக்கேற்பத் தேக்கா எனச் சுருக்கித் தமதாக்கிக் கொண்டனர்.

1915ஆம் ஆண்டில் அங்கே எழுந்த பழைய அங்காடி 1980களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. அதற்கு ஈடாகக் கட்டப்பெற்ற புதிய கட்டடத்துக்கு ‘ஜூஜியாவ்’ எனப் பெயர் சூட்டினர். மூங்கில் அடி என்னும் அதே சீன எழுத்துகளை மாண்டரின் ஒலியில் படித்ததால் வந்த பெயர் அது. பொருள் மாறவில்லை, ஒலிதான் மாறிற்று. எனினும் மக்கள் வாயில் அப்பெயர் ஏறவில்லை. பலகை ஒன்று சொல்ல, மக்கள் தேக்கா என்றே சொல்லி வந்தனர். 2000ஆம் ஆண்டில் அரசே தேக்கா என்னும் பெயரைத் திரும்ப அளித்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்த இவ்வழக்கில் வென்றது பலகையன்று, மக்களின் நாவே. இந்நிகழ்ச்சியை மனத்தில் இருத்திக் கொண்டு மேலே நடத்தல் வேண்டும்.

எருமையின் பெயரால் இரு தெருக்கள்

தேக்காவை அடுத்திருப்பது பஃப்பலோ சாலை. அதனை ஒட்டி வருவது கெர்பாவ் சாலை. முன்னது ஆங்கிலம், பின்னது மலாய். இரண்டுக்கும் பொருள் எருமை என்பதே. பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையால் உலகப் புகழ் பெற்ற கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் பெயருக்கும் எருமைத் தொழுவம் என்பதே பொருள். 1966ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அங்கே 39,000க்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. தொழுவத்தின் பெயரைத் தாங்கிய இடத்தில் ஒரு நாட்டின் ஒரு தலைமுறையே பிறந்தது எனலாம்.

எருமையும் மாடும் இங்கே வந்து சேர்ந்தமைக்குக் காரணம் நிலமும் நீரும் ஆகும். ரோச்சோர் ஆற்றை அடுத்த தாழ்நிலத்தில் புல்லுக்கும் நீருக்கும் குறைவில்லை. மாட்டு வண்டியே சரக்கு வண்டியாக இருந்த காலம் அது. வண்டி இழுக்கவும் செக்கு இழுக்கவும் பாலுக்கும் இறைச்சிக்கும் மாடுகள் வேண்டியிருந்தன. கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் பெலிலியோஸ் என்பார் இங்கே கால்நடை வாணிகம் நடத்தினார். பெலிலியோஸ் சாலையும் பெலிலியோஸ் சந்தும் அவர் பெயரால் அமைந்தவை. காரைக்காலிலிருந்து வந்த மூனா காதிர் சுல்தான் கால்நடை வாணிகத்தில் பெருஞ்செல்வர் ஆகி, ‘கால்நடை வேந்தர்’ எனப் பெயர் பெற்றார். காத்தோங் கடற்கரையில் அவர் எழுப்பிய மாளிகைக்குக் ‘காரைக்கால் மகால்’ எனத் தம் ஊர்ப் பெயரையே இட்டார். பொருள் ஈட்டியவர் தம் ஊரின் பெயரை மாளிகையில் பொறிக்க முடிந்தது. அவரிடம் மாடு மேய்த்தோர்க்கும் பால் கறந்தோர்க்கும் அவ்வாய்ப்பு ஏது?

அருகே ரேஸ் கோர்ஸ் சாலை ஓடுகிறது. 1843ஆம் ஆண்டு முதல் 1933ஆம் ஆண்டில் புக்கிட் தீமாவுக்கு மாறும் வரை குதிரைப் பந்தயம் இங்கேதான் நடந்தது. 1911ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சிங்கப்பூரில் முதன்முதலாக வானூர்தி பறந்ததும் இப்பந்தயத் திடலிலிருந்துதான். சாலையின் பெயர் பந்தயத்தைச் சொல்கிறது. குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டியவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

கெர்பாவ் சாலையில் யூனிஸ் லிம் என்னும் ஓவியர் ஒரு சுவரில் மாடுகளை எழுதினார். நகராட்சியின் கட்டுப்பாடுகளாலும் நிலத்தின் விலை ஏறியதாலும் தொழுவங்கள் அகன்று பல்லாண்டுகள் கழிந்த பின்னர், ஆநிரை இவ்வாறு ஓவியமாக மீண்டு வந்தது. அதே சாலையில் 1900ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற டான் டெங் நியாவின் இல்லம் நிற்கிறது. மிட்டாய்த் தொழில் நடத்திய சீனச் செல்வர் அவர். இவ்வட்டாரத்தில் எஞ்சியுள்ள சீனர் மாளிகை அது ஒன்றே. கதவும் சன்னலும் தூணும் பல வண்ணங்களில் மின்ன, வருவோரெல்லாம் அதன் முன் நின்று படம் பிடிக்கின்றனர். ஆனால் அவ்வண்ணங்கள் 1980களில் நடந்த புதுப்பிப்புக்குப் பின்னர் வந்தவை. பழமை என்று கண்ணுக்குப் படுவதெல்லாம் பழமையன்று என்பதற்கு அவ்வீடே சான்று.

சுவரில் எழுந்த தொழில்கள்

2016ஆம் ஆண்டில் பெலிலியோஸ் சந்தில் சைஃபூல் என்னும் புனைபெயர் கொண்ட ஓவியர், இவ்வட்டாரத்தின் மரபுத் தொழில்களை ஒரு நெடிய சுவரில் எழுதினார். கிளி சோதிடர், சலவைத் தொழிலாளர், மாலை கட்டுபவர், கச்சாங் பூத்தே விற்பவர் ஆகியோர் அதில் இடம் பெற்றனர். மன்னரையும் ஆளுநரையும் எழுதாது உழைப்பாளரை எழுதினார் என்பது பாராட்டத்தக்கது. ஒரு நகரம் தன் சுவரைப் பூ விற்பவருக்கும் கடலை விற்பவருக்கும் அளிப்பது எளிய செயலன்று. தமிழர் அல்லாதாரும் அதன் முன் நின்று, இவர்கள் யார், என்ன செய்தனர் என்று வினவுகின்றனர். நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுப்பாத வினாவை ஒரு சுவர் எழுப்பி விடுகிறது.

எனினும் அச்சுவரில் உள்ளார் எல்லாரும் ஒரே நிலையினர் அல்லர். மாலை கட்டுபவரைச் சுவரில் கண்டு திரும்பினால், சில அடி தொலைவில் உயிருள்ள மாலைக்கடையையே காணலாம். மல்லிகையும் செவ்வந்தியும் அங்கே இன்றும் விரல்களில் தொடுக்கப்படுகின்றன. கிளி சோதிடரைக் காண்பதோ மிக அரிது. ஆற்றில் துணி துவைத்தவர் நெடுங்காலத்துக்கு முன்னரே அகன்றனர். ஆனால் அவர்தம் தொழில் ஓர் இடப்பெயராக நின்றுவிட்டது. பிராஸ் பாசா ஓடையில் வண்ணார் துவைத்த துறைக்கு ‘டோபி காட்’ எனப் பெயர். அது வடநாட்டுச் சொல். 1987ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பெற்ற தொடர்வண்டி நிலையத்துக்கும் அப்பெயரே இடப்பெற்றது. ஓடையும் இல்லை, துவைகல்லும் இல்லை, பெயர் நாள்தோறும் பல்லாயிரவர் வாயில் வழங்குகிறது. தொழில் அழியினும் பெயர் நின்றால் வரலாறு நிற்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

சுண்ணாம்பின் கதை

பெலிலியோஸ் சாலை சிராங்கூன் சாலையைத் தொடும் முனையில் அருள்மிகு வீரமாகாளியம்மன் ஆலயம் உள்ளது. 1881ஆம் ஆண்டில் எழுந்த இக்கோயிலைப் பழைய மக்கள் ‘சுண்ணாம்புக் கம்பம் கோயில்’ என்றே அழைத்தனர். இங்கே சுண்ணாம்புக் காளவாய்களும் குழிகளும் இருந்தன. செங்கற் சூளைகளும் 19ஆம் நூற்றாண்டில் இச்சாலையோரம் நடைபெற்றன. சூளையிலும் காளவாயிலும் உழைத்தோர் வழிபட்ட காளியே பின்னாளில் கோபுரம் கொண்டாள்.

‘கம்பம்’ என்னும் சொல்லை ஆசிரியர்கள் நன்கு நோக்க வேண்டும். தமிழகத்திலிருந்து புதிதாக வருவார் இப்பெயரைக் கேட்டால் சுண்ணாம்பு பூசிய தூண் என்று கொள்வர். இங்குள்ள கம்பம் தூணன்று. சிற்றூர் எனப் பொருள்படும் ‘கம்போங்’ என்னும் மலாய்ச் சொல்லே தமிழர் நாவில் கம்பம் ஆயிற்று. சுண்ணாம்பு தமிழ், கம்பம் மலாய். இரண்டும் கூடி ஒரு சொல்லாய் நின்றமையே, வந்தேறிய மக்கள் இம்மண்ணின் மொழியோடு கலந்து வாழ்ந்தமைக்குச் சான்றாகும். இத்தகைய பெயரைத் தமிழகத்தில் எவரும் படைத்திருக்க இயலாது. இது மலாயா மண்ணில் முளைத்த தமிழ்.

சிராங்கூன் சாலையின் மறுபுறத்தில் இன்றும் ‘கம்போங் கப்பூர்’ என்னும் பெயரில் ஒரு சாலை உண்டு. கப்பூர் என்பதற்கு மலாயில் சுண்ணாம்பு என்று பொருள். ஆகவே, கம்போங் கப்பூரும் சுண்ணாம்புக் கம்பமும் ஒரே பொருள் தரும் இரட்டைப் பெயர்கள். மலாய்ப் பெயர் பலகையில் ஏறியது, அதனால் பிழைத்தது. தமிழ்ப் பெயர் வாயில் மட்டுமே இருந்தது, அதனால் தேய்ந்தது. இரண்டையும் வேறுபடுத்தியது ஓர் இரும்புப் பலகையே.

இச்சுண்ணாம்பு எங்கே சென்றது என்று வினவுவார்க்கு நகரின் பழைய சுவர்களே விடை. அக்காலத்துச் சிங்கப்பூரில் செங்கல்லைச் சேர்த்ததும் சுவரை மூடியதும் சுண்ணாம்பே. 1825ஆம் ஆண்டு முதல் 1873ஆம் ஆண்டு வரை இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் இங்கே பொதுப்பணிகளில் ஈடுபடுத்தப்பட்டனர். 1862ஆம் ஆண்டில் திருநிலைப்படுத்தப் பெற்ற புனித ஆண்ட்ரூ பேராலயமும், 1869ஆம் ஆண்டில் முடிவுற்ற ஆளுநர் மாளிகையும் அவர்தம் கைகள் எழுப்பியவை. பேராலயத்தின் உட்சுவர்க்குப் பூசியது சென்னைச் சுண்ணச் சாந்து. கைதிகளுக்குப் பொறுப்பாயிருந்த மெக்நேர் என்பார் அதன் செய்முறையைக் குறித்து வைத்துள்ளார். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் வழுவழுப்பான கல்லால் தேய்ப்பர். சுவர் பளிங்கு போல் ஒளிரும். அப்பேராலயம் இன்றும் நிற்கிறது.

இன்றைய ஓவியர் வண்ணம் தீட்டுவதற்குச் சுவர் வேண்டும். அச்சுவர்களை முதலில் சாத்தியமாக்கிய தொழிலே சுண்ணாம்புத் தொழில். கிளியும் பூவும் கடலையும் மாடும் சுவரில் ஏறின. சுவருக்கே தாயான சுண்ணாம்பின் பெயர், அது பிறந்த இடத்தின் பலகையில் தமிழில் இல்லை.

வாயில் இருந்த வரைபடம்

சுண்ணாம்புக் கம்பம் தனித்த பெயரன்று. சிங்கப்பூர் நகர் முழுமைக்குமே தமிழர் தமக்கென ஒரு வரைபடத்தை வாயில் வைத்திருந்தனர். 1891ஆம் ஆண்டில் ஹாட்டன் என்னும் ஆங்கில அலுவலர், அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை வெளியிட்ட ஏட்டில், சிங்கப்பூர்த் தெருக்களுக்கு உள்நாட்டு மக்கள் வழங்கிய பெயர்களைத் தொகுத்து எழுதினார். அரபுத் தெருவைத் தமிழர் ‘பூக்கடைச் சடக்கு’ என்றனர். கிராஸ் தெரு அவர்க்குப் ‘பால்கடைச் சடக்கு’. சவுத் பிரிட்ஜ் சாலை, மரக்கலங்களின் இடுக்கை அடைக்கும் கலப்பற்றுத் தொழிலாளரின் கடைகளால் பெயர் பெற்றது. சடக்கு என்பது சாலையைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லின் தமிழ் வடிவம். தோட்டப் புறங்களில் முதியோர் நாவில் கேட்கும் சொல்லும் அதுவே.

இப்பெயர்களை ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஆங்கிலேயர் தம் தெருக்களுக்கு ஆளுநரின் பெயரையும் படைத்தலைவரின் பெயரையும் இட்டனர். இவ்வட்டாரத்தில் மட்டுமே கிளைவ், டல்ஹௌசி ஆகியோர் பெயர்களால் தெருக்கள் உண்டு. தமிழர் இட்ட பெயர்களிலோ தலைவர் எவரும் இல்லை. பூ உண்டு, பால் உண்டு, கலம் உண்டு, சுண்ணாம்பு உண்டு. ஆட்சி செய்தோர் யாருடைய நகரம் என்று கேட்டுப் பெயரிட்டனர். உழைத்தோர் இங்கே என்ன கிடைக்கும், என்ன வேலை நடக்கும் என்று கேட்டுப் பெயரிட்டனர்.

இப்பெயர்கள் நமக்குக் கிடைத்தமைக்குக் காரணம் ஆங்கிலேயர் ஒருவர் அவற்றைக் கேட்டு எழுதி வைத்தமையே. பூக்கடைச் சடக்கில் நாள்தோறும் நடந்த ஆயிரக்கணக்கான தமிழர் அப்பெயரைச் சொன்னார்கள். ஏட்டில் ஏற்றியவர் அவர்களுள் ஒருவர் அல்லர். இவ்வுண்மை நாணத்தக்கது அன்றாயினும் எண்ணத்தக்கது. 2003ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்தில் தொடர்வண்டி நிலையம் திறக்கப்பெற்றபோது, தமிழ் எழுத்தில் ‘லிட்டில் இந்தியா’ என்றே எழுதப்பெற்றது. எழுத்து தமிழ், சொல் தமிழன்று. மொழிக்குரிய இடம் கிடைத்தும் அதில் வைப்பதற்கு வழங்கு பெயர் ஒன்று எவர் நினைவிலும் முன் நிற்கவில்லை.

படமும் பெயரும்

நினைவைக் கல்லில் நிறுத்தும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பெற்ற நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அவற்றுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட ஒருவனைக் குறிக்கிறது. அதில் உருவம் இல்லை. ஆளின் பெயரும் ஊரின் பெயரும் நிகழ்ச்சியின் பெயரும் தமிழி எழுத்தில் உள்ளன. அவ்வளவே. உருவம் இல்லாமலேயே அவன் யார், எங்கே, எதற்காக மாண்டான் என்பது இன்று தெரிகிறது. பிற்காலத்து நடுகற்களில் உருவமும் எழுத்தும் சேர்ந்து வந்தன. எழுத்துச் சிதைந்து உருவம் மட்டும் எஞ்சிய கற்களை ஊரார் ஏதோ ஒரு சாமி என்று கும்பிடுகின்றனர். அவன் பெயர் அறிவார் இலர்.

சுவரோவியங்களுக்கும் இந்நிலை வரலாம். வெயிலும் மழையும் உள்ள நாட்டில் சுவர் வண்ணம் நெடுநாள் நில்லாது. கட்டடத்தின் உரிமையாளர் மாறினால் சுவரும் மாறும். அது ஓவியத்தின் குறையன்று, இயல்பு. ஆகவே, ஓவியம் வெளிறுவதற்குள் அது சுட்டும் பெயரைக் கற்றுக் கொள்வதே அறிவுடைமை. தேக்காவின் பெயர் மீண்டது, மக்கள் அதனைச் சொல்லிக் கொண்டே இருந்தமையால். சுண்ணாம்புக் கம்பம் மறைந்தது, அதனைச் சொல்வார் குன்றியமையால். பெயரைக் காக்கப் பலகையும் வேண்டும். அதனினும் முதலாவது நா வேண்டும்.

பள்ளி செய்யத்தக்கது

இப்பணி சிங்கப்பூரோடு முடிவதன்று. மலேசியத் தோட்டங்களுக்கும் இரு பெயர்கள் இருந்தன. கம்பெனியின் ஏட்டில் ஒரு பெயர். தொழிலாளர் வழங்கிய பெயர் மற்றொன்று. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். பல இடங்களில் தோட்டத்தின் பெயர் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் எஞ்சி நிற்கிறது. அதுவும் கம்பெனி இட்ட பெயரே. தொழிலாளர் வழங்கிய பெயர், லயத்தின் பெயர், ஆற்றுத் துறையின் பெயர், கோயில் மேட்டின் பெயர் ஆகியவை பாட்டிமார் வாயில் கடைசி மூச்சை விட்டுக் கொண்டிருக்கின்றன. அவற்றைக் குறிக்க இன்னொரு ஹாட்டன் வரப் போவதில்லை.

ஆசிரியர்கள் இதனைப் பெரிய ஆராய்ச்சியாகக் கருதி அஞ்ச வேண்டுவதில்லை. நான்காம் ஐந்தாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள முதியோரிடம் மூன்று இடங்களின் பழைய பெயரைக் கேட்டு எழுதி வரச் செய்யலாம். ஏன் அப்பெயர் வந்தது என்பதையும் அடுத்த வரியில் எழுதச் சொல்லலாம். சொன்னவரின் வயதும் எழுதிய நாளும் குறிக்கப்பெற்றால் அது வரலாற்றுச் சான்றே ஆகிவிடும். பின்னர் மாணவரை அவ்விடங்களுக்கு நடத்திச் சென்று காட்டலாம். நாற்பது மாணவர் உள்ள ஒரு பள்ளியில் ஓராண்டில் நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் சேரும்.

சிங்கப்பூருக்குச் சுற்றுலா செல்லும் பள்ளிகளும் உண்டு. அப்பிள்ளைகள் பெலிலியோஸ் சந்தின் சுவர் முன் நின்று படம் எடுத்துக் கொள்ளட்டும். அதன்பின் சில அடிகள் நடந்து, காளி கோயிலின் வாயிலில் நின்று, அவ்விடத்தின் பழைய பெயரை ஆசிரியர் ஒருமுறை உரக்கச் சொல்லட்டும். பிள்ளைகளும் சேர்ந்து சொல்லட்டும். சுண்ணாம்புக் கம்பம் என்னும் அப்பெயர் அன்று ஒரு நாளாவது தான் பிறந்த தெருவில் ஒலிக்கும்.